ஐந்து சளி, ஒரு மூக்கு

வாசகி கேள்வி: வணக்கம். எனக்கு வயது 34. ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகனை இந்த ஆண்டு தடிகாவில் (பாலர் பள்ளியில்) சேர்த்தோம். அதிலிருந்து எனக்கு ஐந்து தடவை சளி பிடித்துவிட்டது. கிளினிக்கில் "வைரஸ்தான், தானாகப் போய்விடும்" என்று சொல்லி ஆன்டிபயோட்டிக் தரவில்லை. வேலை முடிந்து வந்து ராத்திரியில் தலைக்குக் குளிப்பதால்தான் இப்படி என்கிறார் மாமியார். கூட வேலை செய்யும் தோழி, எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று சொல்லி 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு போத்தல் மாத்திரை வாங்க வைத்துவிட்டாள். இன்னும் திறக்கவில்லை. சாப்பிடலாமா? எதிர்ப்புச் சக்தி கூட வேறு என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாமே. ஜெலுத்தோங், பினாங்கு)

அன்புச் சகோதரி,

முதலில் அந்தப் போத்தல். திறக்க வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்வியை ஜார்ஜ்டவுனில் என் மருந்தகத்துக்கு வருகிறவர்களும் கேட்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை நிற்கும், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாது. உங்களிடம் நிதானமாகப் பேசலாம்.

உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. மூக்கு ஒழுகுவது, அடைத்துக்கொள்வது, தும்மல், தொண்டைக் கரகரப்பு, உடம்பு அசதி என்று எதையெல்லாம் நாம் சளி என்கிறோமோ, அவை அநேகமாக எல்லாமே எதிர்ப்புச் சக்தி செய்கிற வேலைதான். வைரஸ் தன் கையால் செய்யும் சேதம் மிகக் குறைவு. இதைக் கேட்டதும் பலர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அதனால் மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சளி தரும் வைரஸ்களில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. கிரேக்கத்தில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பெரியவர்களுக்கு வரும் சளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இதன் கணக்குதான். குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கலாம். நான்கு வகைப் புரதம், வகைக்கு 60 துண்டு, எல்லாவற்றையும் இணைத்து ஒரு பந்து. பந்துக்குள் ஏறக்குறைய 7,200 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. இழை, அதாவது வைரஸைச் செய்வதற்கான குறிப்பு. அவ்வளவுதான் அந்த ஜீவன். சாப்பிடாது, மூச்சு விடாது, தானாக நகரவும் நகராது. மூக்கைத் துடைத்த கையால் மகன் உங்கள் விரலைப் பிடிக்கிறான். நீங்கள் அந்த விரலால் கண்ணைக் கசக்குகிறீர்கள். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் கண்ணீர்க் குழாய் போதும் அதற்கு.

1985இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் குழுவினர் எக்ஸ்ரே உதவியோடு இந்தப் பந்தின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டுபிடித்தார்கள். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருந்தன. நம் மூக்குச் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஐகேம்-1 என்ற புரதம் அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காரும். வைரஸ் ஒட்டிக்கொள்வது அப்படித்தான். பெரும்பாலான ரைனோ வைரஸ்கள் பிடித்துக்கொள்வது இந்தப் புரதத்தைத்தான். இதில் எனக்கு எப்போதும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. வைரஸுக்காக உடம்பு இந்தப் புரதத்தை வைத்திருக்கவில்லை. வெள்ளையணுக்கள் வந்து பற்றிக்கொள்வதற்கான கைப்பிடி அது. அழற்சி வந்தால் வெள்ளையணுக்கள் நிறைய வரட்டும் என்று செல் இன்னும் கூடுதலாகக் கைப்பிடி முளைக்க வைக்கும். காவல்காரனுக்கு வைத்த ஏணியில் திருடன் ஏறுகிறான்.

உள்ளே போனதும் அந்த ஆர்.என்.ஏ. இழையைச் செல் தன்னுடைய குறிப்பு என்று நினைத்துப் படித்து, ஒரே நீளப் புரதமாகச் செய்து கொடுத்துவிடும். வைரஸின் சொந்தக் கத்தரிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டி, புதுப் பந்துகளுக்கான பாகங்களாக்கும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். ஆனாலும் மூக்கின் உள்தோல் மொத்தமும் புண்ணாவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செல்கள் பாதிக்கப்படும்.

அப்படியானால் இவ்வளவு அமர்க்களம் எதற்கு? பாதிக்கப்பட்ட செல் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. வெள்ளையணுக்களைக் கூப்பிடுகிறது. பிராடிகைனின் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, சுரப்பிகள் பொங்குகின்றன, நரம்புகள் கூசித் தும்மல் வருகிறது. வைரஸே இல்லாமல் பிராடிகைனினை மட்டும் மூக்கில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூக்கடைப்பும் தொண்டை வலியும் அப்படியே வந்தன. மூக்கடைப்பு என்றால் உள்ளே சளி கட்டிக்கொண்டது என்று நினைத்துச் சிந்து சிந்தென்று சிந்துகிறோம் இல்லையா? பெரும்பாலும் அங்கே வழியை மறிப்பது வீங்கிய ரத்தக் குழாய்கள்தான். எவ்வளவு சிந்தினாலும் திறக்காது. ரொம்ப வேகமாகச் சிந்தினால் சளி பின்னோக்கி சைனஸ் அறைகளுக்குள்தான் போகும். ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் மெதுவாகச் சிந்துங்கள்.

தொற்று ஏற்பட்ட நாலு பேரில் சுமார் ஒருவருக்கு ஒரு தும்மல்கூட வராது. வைரஸ் அவர்கள் மூக்கிலும் இருக்கும், பெருகும், போய்விடும். அவரைப் பார்த்து "நல்ல எதிர்ப்புச் சக்தி" என்போம். உண்மையில் அவர் உடம்பு சத்தம் போடாமல் வேலையை முடித்தது, அவ்வளவுதான்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில், போர்க்கால மருத்துவமனைக் குடில்களில், 1946 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நடந்தது. தங்க இடமும் சாப்பாடும் இலவசம், கைச்செலவுக்கும் கொஞ்சம் காசு. பதிலுக்கு மூக்கில் வைரஸ் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கானோர் விடுமுறைக்குப் போவதுபோலப் போனார்கள். அங்கே 1970களில் இன்டர்ஃபெரானையே மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். சளி வராமல் தடுத்தது! பெரிய எதிர்பார்ப்பு. பிறகு பல இடங்களில் ஆட்களுக்கு அதை வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தபோது, மூக்கு அடைத்துக்கொண்டது, எரிந்தது, லேசாக ரத்தமும் கசிந்தது. சளியைத் தடுக்கப் போய், சளி பிடித்த மாதிரியே ஒரு மூக்கு. மேற்கு நாடுகளில் அந்த மருந்து சளிக்கென்று கடைக்கு வரவே இல்லை.

உங்கள் 120 வெள்ளி மாத்திரை அந்த அளவுக்கெல்லாம் ஒன்றும் செய்துவிடாது, பயப்பட வேண்டாம். பெயர் எழுதவில்லை. இந்த வகையில் பெரும்பாலும் வைட்டமின் சி, துத்தநாகம், ஏதாவது ஒரு மூலிகை இருக்கும். வைட்டமின் சி-யை வருடம் முழுக்கத் தினமும் சாப்பிடும் பெரியவர்களுக்குச் சளி நாள் சுமார் 8 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. ஏழு நாள் சளியில் அரை நாள். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் அதுவும் நிச்சயமில்லை. ஒரு மருந்தாளரான நான் இதை எழுதுவது என் கல்லாவுக்கு நல்லதில்லை. என் கடையிலும் அந்த அலமாரி இருக்கிறது.

சரி, அப்புறம் ஏன் ஐந்து தடவை? சளி என்பது ஓர் ஆளின் பெயர் இல்லை, ஊர்ப் பெயர். ரைனோ வைரஸில் மட்டும் ஏ, பி, சி என்று மூன்று இனங்கள், அவற்றில் 160க்கும் மேற்பட்ட வகைகள். சி இனம் ஒன்று இருப்பதே 2006 வாக்கில்தான் தெரிந்தது, வழக்கமான ஆய்வகச் செல்களில் அது வளர்வதில்லை என்பதால். இவை போக 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 என்று நான்கு சாதாரண கொரோனா வைரஸ்கள், ஆர்.எஸ்.வி., பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ். எல்லாம் சேர்த்தால் இருநூறைத் தாண்டும். ஒரு வகையோடு சண்டை போட்டு உங்கள் உடம்பு செய்து வைக்கும் எதிர்பொருள், அந்த வகையைத்தான் நன்றாக அடையாளம் காணும். பக்கத்து வீட்டு வகை வந்தால் அநேகமாக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு ஒரே சளி ஐந்து தடவை திரும்பி வரவில்லை. ஐந்து வெவ்வேறு வைரஸ்கள் வந்து, ஐந்தையும் உங்கள் உடம்பு விரட்டியிருக்கிறது.

அவை எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று சளி சாதாரணம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு, தடிகாவில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதற்கு மேலும் வரலாம். ஒரே பென்சிலை நாலு பேர் கடிக்கும் இடம் அது. என் அப்பாவுக்கு 81 வயது. சளி பிடித்து நான் பார்த்தே பல வருடமாகிறது. தூதுவளை ரசம்தான் காரணம் என்பார். இத்தனை வருடத்தில் அவர் மூக்கு பெரும்பாலான வகைகளை ஏற்கெனவே சந்தித்துவிட்டது என்பேன் நான். எங்கள் வீட்டில் இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

இதற்குத் தடுப்பூசி ஏன் இல்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் 50 வகைகளை ஒரே ஊசியில் சேர்த்துக் குரங்குகளுக்குப் போட்டு, 49 வகைகளுக்கு எதிர்பொருள் உண்டாவதைக் காட்டினார்கள். மனிதருக்கான ஊசி இன்னும் இல்லை. மாத்திரை ஒன்று ஏறக்குறைய வந்தது. பிளெகோனரில் என்று பெயர், ராஸ்மன் குழு பார்த்த அதே பள்ளத்துக்கு அடியில் போய் அடைத்துக்கொள்ளும். சளியை ஒரு நாள் போலக் குறைத்தது. ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்ற கவலை எழுந்ததால் 2002இல் அமெரிக்க நிபுணர் குழு வேண்டாம் என்றுவிட்டது.

இனி உங்கள் மாமியார். நான் அவர் பக்கம் பாதி.

நாம் ஜலதோஷம் என்று தண்ணீர்மேல் பழி போட்டோம். ஆங்கிலேயர் பெயரிலேயே குளிரைக் குற்றவாளி ஆக்கினார்கள். மலாய்க்காரர்களின் செலெசெமா, நம் சித்த மருத்துவத்தின் சிலேத்துமம் இரண்டும் கபத்தைக் குறிக்கும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. வைரஸைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில் கண்ணில் பட்டதைத்தானே சொல்ல முடியும். வைரஸ் இல்லாமல் சளி வராது. ராத்திரி முழுக்க ஷவருக்கு அடியில் நின்றாலும் தண்ணீரிலிருந்து ரைனோ வைரஸ் முளைக்காது. சாலிஸ்பரியில் ஆட்களைக் குளிக்க வைத்து, ஈரத்தோடு குளிர்க்காற்றில் நிற்க வைத்து, நனைந்த காலுறையோடு உலவ விட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை.

ஆனால் 2005இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேர் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்திருந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் அவர்களில் 29 சதவீதம் பேர் சளி அறிகுறி இருப்பதாகச் சொன்னார்கள். காலி வாளியில் காலை வைத்தவர்களில் 9 சதவீதம்தான். வைரஸ் இருந்ததா என்று யாரையும் பரிசோதிக்கவில்லை, அது இந்த ஆய்வின் ஓட்டை. உள்ளே ஏற்கெனவே சத்தமில்லாமல் இருந்த வைரஸ், உடம்பு குளிர்ந்து மூக்கின் ரத்த ஓட்டம் குறைந்ததும் தலை தூக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதற்குக் கொஞ்சம் ஆதரவும் உண்டு. ரைனோ வைரஸுக்குப் பிடித்த சூடு 33 டிகிரி, அதாவது நம் மூக்கின் சூடு. நுரையீரலின் 37 டிகிரியில் அவ்வளவு செழிக்காது. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவசாகி குழுவினர் எலியின் மூச்சுக்குழாய்ச் செல்களில் பார்த்தபோது, 33 டிகிரியில் செல்லின் எச்சரிக்கை மணி மந்தமாகத்தான் அடித்தது.

ஆகவே மாமியாரிடம் வாதாட வேண்டாம். தலையை நன்றாகத் துவட்டிவிட்டு, ஈரத்தோடு ஏர்கோனுக்கு நேராகப் படுக்காமல் இருந்தால் போதும். இதமாகவாவது இருக்கும்.

என் கண் போவது குளியல்மேல் இல்லை, நீங்கள் ராத்திரி வீட்டுக்கு வந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதன்மேல். அதை நீங்கள் எழுதவில்லை. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேருக்கு ஒரு வாரம் தூக்கத்தை அளந்துவிட்டு மூக்கில் ரைனோ வைரஸ் விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். "அப்போ எதிர்ப்புச் சக்தி குறைகிறதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நீண்ட நாள் மன அழுத்தத்தில் இருந்தவர்களை இதேபோல் ஆராய்ந்தபோது, "போதும், அடங்கு" என்று அழற்சிக்குச் சொல்லும் கார்ட்டிசோல் ஹார்மோனின் பேச்சை அவர்கள் செல்கள் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. சக்தி குறையவில்லை, அதை அடக்கி வைக்கும் கை தளர்ந்திருந்தது. ஷிஃப்ட் வேலையும் சின்னப் பிள்ளையும் இருக்கும் வீட்டில் தூக்கத்தைக் கூட்டுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது, உங்களுக்கு இல்லை. வேலை முடிந்து ராத்திரி வந்த மறுநாள் காலை மகனைத் தடிகாவில் விடும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா பாருங்கள். மாமியாரின் அக்கறையை அந்தப் பக்கம் திருப்பலாம்.

ஆன்டிபயோட்டிக் தராத டாக்டர் சரியாகத்தான் செய்தார். அந்த மருந்துகள் பாக்டீரியாவின் சுவரையோ அதன் புரதம் செய்யும் பட்டறையையோ தாக்குபவை. வைரஸுக்கு இரண்டும் கிடையாது. சளி பச்சையாக மாறினால் பாக்டீரியா வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தப் பச்சை, வெள்ளையணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். மூன்றாம் நான்காம் நாளில் அப்படித்தான் ஆகும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயோட்டிக் விற்க எனக்கும் சட்டத்தில் இடமில்லை, கேட்டுப் பார்க்க வேண்டாம்!

என்ன செய்யலாம் என்றால், சோப்பு. ரைனோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் ஜெல் கொரோனாவைச் சாய்ப்பது போல இதைச் சாய்க்காது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மகன் தடிகாவிலிருந்து வந்ததும் அவன் கை, பிறகு உங்கள் கை. கையை மட்டும் நம்பவும் கூடாது. 1987இல் வெளியான விஸ்கான்சின் சோதனை ஒன்றில், முகத்தைத் தொட முடியாதபடி தடுப்பு மாட்டியவர்களைச் சளிக்காரர்களோடு மணிக்கணக்கில் சீட்டு விளையாட வைத்தார்கள். அவர்களுக்கும் சளி பிடித்தது. காற்றிலும் வருகிறது என்று அர்த்தம். வீட்டில் யாருக்காவது சளி என்றால் ஏர்கோனை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சளி பிடித்துவிட்டால் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம், கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். மிளகு ரசம், இஞ்சித் தண்ணீர் எல்லாம் தாராளமாக. தைலம் தடவினால் மூக்கு திறந்தது போலத் தோன்றும். அதிலுள்ள மென்தால் குளிர் உணரும் நரம்பைத் தொடுகிறது, வழி உண்மையில் அகலமாவதில்லை. பரவாயில்லை, தூக்கம் வந்தால் சரி. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மூக்குக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோக வேண்டாம். மூக்கடைப்பு ஸ்ப்ரே மூன்று நாளைக்கு மேல் வேண்டாம், விட்டதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். கவுண்டரில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: சளி மாத்திரையிலும் பனடோலில் உள்ள பாராசிட்டமால்தான் இருக்கிறது என்று தெரியாமல் கூடவே பனடோலும் போடுவது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. அட்டையின் பின்பக்கம் பாருங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டாதீர்கள். மகனுக்கு இருமல் என்றால் தூங்கும் முன் ஒரு கரண்டி தேன், ஒரு வயது தாண்டியவர்களுக்கு மட்டும். கடைச் சிரப்பை டாக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் வாங்க வேண்டாம்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், பத்து நாளாகியும் குறையாவிட்டால், குறைந்து மறுபடி ஏறினால் கிளினிக்குக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரைனோ வைரஸ் சாதாரண விஷயம் இல்லை, மூச்சிரைப்பைக் கிளப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மகன் வேகமாக மூச்சு விட்டாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, நம் ஊருக்கென்றே: மூக்கு ஒழுகாமல் திடீரென்று கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் அது சளி கணக்கில் சேராது. டெங்கியா என்று ரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எதையும் தொட வேண்டாம்.

அந்தப் போத்தலின் மூடி முத்திரை உடையாமல் இருந்தால் ரசீதோடு வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். வேறு பொருளாக மாற்றித் தருவதாகச் சொன்னால், கைகழுவும் சோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். 120 வெள்ளிக்கு வருகிற சோப்பு மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வரை காணும்.